"சோம்பேறி" என்னும் சொல்: திருமறைத் தமிழிலும் பிரசங்கபீடத்திலும்

நம் சபைகளில் அறுப்பின் பண்டிகை நாளிலே எறும்பைப் பற்றிய பிரசங்கத்தைக் கேளாதவர் அரியர். நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் வாசிக்கப்படும். எறும்பின் உழைப்பு விரித்துரைக்கப்படும். பின்னர்ப் போதகரின் விரல் சபையின் பின்வரிசைகளை நோக்கி நீளும். "சோம்பேறி" என்னும் சொல் அப்பொழுது பிறக்கும். அச்சொல்லின் பொருள் யாவர்க்கும் விளங்கியதே என்று கருதி, நாம் அதனை ஆராயாமல் விட்டுவிடுகிறோம். கிருபை, நீதி, இரட்சிப்பு ஆகிய பெருஞ்சொற்களுக்கு எபிரெய கிரேக்க மூலங்களைத் தேடும் நாம், நாள்தோறும் நாவில் புரளும் இச்சிறு சொல்லுக்கு அந்த மரியாதையைச் செய்வதில்லை.

நாம் சிற்றூர்ச் சபை ஒன்றில் ஆயராகப் பணியாற்றிய காலத்தில் இத்தகைய பிரசங்கம் ஒன்றைச் செய்தோம். அது மழை பொய்த்த ஆண்டு. ஆராதனை முடிந்தபின், கூலிவேலை செய்யும் மூதாட்டி ஒருவர் வாசலண்டை நின்று, "ஐயா, எறும்புக்கு மேலாள் கிடையாதுன்னு நீங்களே வாசிச்சீங்க. எங்களை ஒருத்தர் கூப்பிட்டாத்தானே எங்களுக்கு வேலை?" என்று கேட்டார். குறைகூறும் நோக்கம் அவருக்கில்லை. ஐயம் தெளியவே கேட்டார். நம்மிடம் விடையில்லை. அவ்விடையைக் காலந்தாழ்த்தித் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

1. சொல்லும் வழக்கும்

"சோம்பு" என்னும் வினையினின்று சோம்பல், சோம்பன், சோம்பேறி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. இவை ஒரே பொருளுடையனபோலத் தோன்றினும் வழக்கில் வேறுபடுகின்றன. "எனக்குச் சோம்பலாக இருக்கிறது" என்று ஒருவர் தம்மைப் பற்றி நாணமின்றிச் சொல்லுவார். காலையில் எழுந்து சோம்பல் முறிப்பதும் இழிவன்று. சோம்பல் என்பது வந்து நீங்கும் ஒரு நிலை. "சோம்பேறி" என்பதோ அவ்வாறன்று. அது பெரும்பாலும் பிறரைக் குறித்தே சொல்லப்படுகிறது. நீங்கக்கூடிய நிலையைக் குறியாமல், ஆளின் இயல்பையே குறிக்கிறது. பனையேறி என்னும் சொல்லோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. பனையேறி என்பவர் பனைமீது ஏறுகிறவர். ஏறுதல் அவர் செயல். சோம்பேறியில் ஏறுவது சோம்பு; மனிதன் அதனால் ஏறப்பட்டவன். முன்னையது தொழிலாற் பெற்ற பெயர். பின்னையது தொழிலின்மையாற் பெற்ற பெயர். ஒருமுறை ஏறிய பெயர் எளிதில் இறங்குவதுமில்லை.

பழைய தமிழில் இக்குறைக்கு வழங்கிய சிறந்த சொல் "மடி" என்பதாகும். திருக்குறளின் அறுபத்தொன்றாம் அதிகாரம் "மடியின்மை". மடி என்னும் சொல் சோம்பலையும், மடிதல் என்னும் வினை அழிதலையும் குறித்தலால், வள்ளுவர் அவ்விரண்டையும் இணைத்து, மடியுடையான் பிறந்த குடி அவனுக்கு முன்னரே மடியும் என்று எச்சரிக்கிறார். ஆயினும் நாம் பெரும்பாலும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. மடியின்மை அதிகாரம் பொருட்பாலின் அரசியல் என்னும் பகுதியில் அமைந்துள்ளது. 39 முதல் 63 வரையுள்ள இருபத்தைந்து அதிகாரங்களும் அரசனையும் ஆட்சியையும் முன்வைத்து எழுந்தவை. எனவே, வள்ளுவர் மடியைக் கடிந்தபோது அவர் முதற்கண் நோக்கியது ஆளுகிறவனையே, கூலியாளை அன்று. அறிவுரை எல்லார்க்கும் பொருந்துவதே. ஆனால் அது மேலிருந்து தொடங்கியது என்பதை மறத்தலாகாது.

2. நீதிமொழிகளில் வரும் சோம்பேறி யார்?

நம் திருமறையில் சோம்பேறி என்னும் சொல் மிகுதியாக வருவது நீதிமொழிகளிலேயாம். அங்கே மூலச்சொல் "ஆட்சேல்" என்பது. இது பெயர்ச்சொல்லாக எபிரெய வேதத்தில் பதினான்கு முறை வருகிறது. பதினான்கும் நீதிமொழிகளிலேயே உள்ளன. ஆகவே இவன் ஞான இலக்கியம் வரைந்த தனிப் பாத்திரம் என்னலாம். இப்பாத்திரத்தின் அடையாளங்களைத் தொகுத்து நோக்குவோம்.

அவனுக்கு வயல் உண்டு, திராட்சத்தோட்டமும் உண்டு, அதனைச் சூழக் கல்மதிலும் இருந்தது. முள்ளும் காஞ்சொறியும் மூடியது அவனுடைய சொந்த நிலத்தையே (நீதி. 24:30, 31). அவனுக்குப் படுக்கை உண்டு. கீல்முளையில் கதவு ஆடுவதுபோல் அவன் அதில் ஆடுகிறான் (26:14). அவனுக்கு முன் உண்கலம் உண்டு. அதில் உணவும் உண்டு. கையை வாய்க்கு எடுப்பதே அவனுக்கு வருத்தம் (26:15). உழவுக்காலத்தில் குளிரைக் காரணங்காட்டி அவன் உழாதிருக்கிறான் (20:4). உழவேண்டாமென்று அவனை எவரும் தடுக்கவில்லை. இவையனைத்துக்கும் மேலாக, புத்தியுள்ள மறுமொழி சொல்லத்தக்க எழுவரைக் காட்டிலும் தன்னை அவன் ஞானியென எண்ணுகிறான் (26:16).

நம் நாட்டுக் கதைகளில் வரும் வாழைப்பழச் சோம்பேறியும் இவனுக்கு இனத்தானே. பழம் கையில் இருக்கிறது. உரித்து ஊட்ட ஆள் வேண்டும் என்பதே அவன் கோரிக்கை. பழமில்லாதவனை எவரும் வாழைப்பழச் சோம்பேறி என்று அழைப்பதில்லை.

ஆகவே நீதிமொழிகளின் சோம்பேறி நிலமும் வீடும் உணவும் பெற்றிருந்து, பெற்றதைப் பேணாதவன். எறும்பு அவனுக்கு உவமையாகப் பொருந்துவதும் இதனாலேயே. எறும்புக்குத் தலைவனோ மேற்பார்ப்பானோ இல்லை. அது தன் களஞ்சியத்தை நிரப்பத் தானே புறப்படுகிறது. சொந்த நிலமுடையவனும் அவ்வாறு புறப்படலாம். பிறர் நிலத்தில், பிறர் அழைத்தபோது மாத்திரம், பிறர் குறித்த கூலிக்கு உழைக்கிறவர் எவ்வாறு புறப்படுவர்? மூதாட்டியின் வினா இவ்விடத்தில்தான் நின்றது. அவர் வேதத்தை எதிர்க்கவில்லை. நம்மைக் காட்டிலும் நுணுக்கமாக வாசித்தார்.

ஏழைகள் யாவரும் சோம்பலால் ஏழைகளாயினர் என்று நீதிமொழிகள் கருதுவதாகக் கொள்ளுதலும் பிழை. சோம்பல் வறுமைக்கு வழியாகும் என்று அந்நூல் திண்ணமாகக் கூறுகிறது. அதே நூல், ஏழையின் தரிசு நிலமும் மிகுந்த விளைவைத் தரக்கூடும் என்றும், அநியாயத்தினால் அது வாரிக்கொண்டு போகப்படுவதுண்டு என்றும் கூறுகிறது (13:23). முதற்செய்தியின்மீது நூறு பிரசங்கங்கள் உண்டு. இரண்டாவதன்மீது ஒன்றேனும் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

3. பார்வோனின் நாவில்

சோம்பல் என்னும் குற்றச்சாட்டு திருமறையில் ஞானியின் வாயிலிருந்து மாத்திரம் வரவில்லை. பார்வோனின் வாயிலிருந்தும் வருகிறது. யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் தங்கள் தேவனுக்குப் பலியிடப் போக விடைகேட்கின்றனர். வைக்கோல் கொடாமல், செங்கற்களின் எண்ணிக்கையையும் குறையாமல் வேலைவாங்கும்படி பார்வோன் கட்டளையிடுகிறான். அதற்கு அவன் சொல்லும் காரணம், அவர்கள் சோம்பலாயிருக்கிறார்கள் என்பது (5:8, 17). நாள்முழுதும் களிமண் மிதிக்கிறவர்களைச் செங்கல் ஒன்றும் தொடாதவன் சோம்பேறிகள் என்கிறான். 5ஆம் வசனத்தில் மோசேயையும் ஆரோனையும் குறித்து, சனங்களைச் சுமை சுமப்பதினின்று ஓயச்செய்கிறீர்கள் என்று அவன் கடிந்துகொள்கிறான். ஓயச்செய்தலைக் குறிக்கும் அங்குள்ள எபிரெய வினை "சாபாத்". ஓய்வுநாளின் பெயர் இவ்வினையோடு உறவுடையது. அடிமைகள் ஓய்வை நாடினால் அதற்கு ஆண்டான் இடும் பெயர் சோம்பல்.

1871இல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பில், நீதிமொழிகளிலும் யாத்திராகமத்திலும் சோம்பு என்னும் ஒரே அடியினின்று பிறந்த சொற்களே ஆளப்பட்டுள்ளன. மூலத்தில் அவை வெவ்வேறு சொற்கள். பார்வோன் கூறுவது "நிர்ப்பீம்" என்பது. தளர்தல், கைநெகிழ்தல் என்னும் பொருளுடைய "ராஃபா" என்னும் வேரினின்று பிறந்தது. இவ்வேர் நமக்கு மிக நெருங்கிய மற்றொரு பகுதியிலும் வருகிறது. நாற்பத்தாறாம் சங்கீதத்தின் 10ஆம் வசனத்தில், தேவனே தேவனென்று அறிந்துகொள்ளும்படி மக்களை அவர் பணிக்கும் சொல் "ஹர்ப்பு", வேர் அதுவே. அங்கே நம் மொழிபெயர்ப்பு "அமர்ந்திருந்து" என்று அழகுறக் கூறுகிறது. பார்வோன் சோம்பல் என இகழ்ந்ததற்கும், தேவன் அமர்ந்திருத்தல் எனப் பணித்ததற்கும் அடியில் இருப்பது ஒரே நெகிழ்ச்சி. வேறுபாடு, சொல்லுகிறவர் யார் என்பதிலேயே அடங்கியிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளரை இங்கே நாம் குறைகூறவில்லை. பார்வோனின் வாயில் "சோம்பல்" என்பதே பொருத்தமான சொல். அவன் இகழ்ச்சி வேறெவ்வாறும் தமிழில் அவ்வளவு கூர்மையாக ஒலித்திராது. அதே யாத்திராகமத்தின் பதினாலாம் அதிகாரத்தில், கர்த்தரே யுத்தம்பண்ணுவார் என்னும் வாக்குத்தத்தத்தோடு சனங்கள் "சும்மாயிருப்பீர்கள்" எனப்படுகின்றனர். மூலம் வாய்பேசாதிருத்தலைக் குறிக்கிறது. சும்மா இருத்தல் தாயுமானவர் முதலிய தமிழ் ஞானியர் ஆன்மிகத்தின் உச்சநிலையாகக் கொண்டாடிய சொல்லாட்சி. அத்தமிழ்ச் செல்வத்தை மொழிபெயர்ப்பாளர் ஏற்ற இடத்தில் வைத்தனர் என்றே கொள்வோம். குறை நம்முடையது. பார்வோனின் சொல்லை எடுத்து, சாலொமோனின் சொல்லென்று எண்ணிப் பேசுகிறோம்.

இக்குழப்பம் பழமையானது. யூதர் ஓய்வுநாளை ஆசரிப்பதனால் வாழ்நாளில் ஏழிலொரு பங்கை வீணாக்குகின்றனர் என்று உரோம ஞானி செனேக்கா இகழ்ந்ததை அகுஸ்தீன் எடுத்துரைத்துள்ளார். பிற்காலத்தில் ஐரோப்பிய ஆட்சியாளர் கீழ்த்திசை மக்களைச் சோம்பேறிகள் என்றனர். மலாய், ஜாவா, பிலிப்பைன் மக்கள்மீது சுமத்தப்பட்ட இப்பழியை ஆராய்ந்து சையது உசேன் அலட்டாஸ் 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். தம் நிலத்தில் உழைத்துவந்த மலாயர், அந்நியரின் தோட்டங்களில் கூலிகளாக மறுத்ததே அவர்களுக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைக்கக் காரணமாயிற்று என்பது அவர் காட்டும் செய்திகளுள் ஒன்று. அத்தோட்டங்களுக்கு ஆட்களாக நம் தமிழ் மக்கள் கொண்டுசெல்லப்பட்டனர் என்பதை நினைத்தால், இச்சொல்லின் கதை நமக்குப் புறம்பானதன்று என்பது விளங்கும்.

4. சந்தைவெளியில் நின்றவர்கள்

புதிய ஏற்பாட்டில் "ஆர்கோஸ்" என்னும் கிரேக்கச் சொல் உண்டு. வேலை என்று பொருள்படும் "எர்கோன்" என்பதனோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து அமைந்தது. வேலையற்றது என்பதே அதன் நேர்ப்பொருள். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் சந்தைவெளியில் நிற்கும் கூலியாட்களை இச்சொல் குறிக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர் அவர்களைச் சோம்பேறிகள் என்னாமல், "சும்மா" நிற்கிறவர்கள் என்றனர். மிகச் சரியான முடிவு. ஏன் நாள்முழுதும் நிற்கிறீர்கள் என்று வீட்டெஜமான் வினவ, எங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று அவர்கள் விடைபகர்கின்றனர். எஜமான் அவ்விடையை மறுக்கவில்லை, அறிவுரை கூறவில்லை, எறும்பைக் காட்டவுமில்லை. வேலை கொடுத்தான், மாலையில் முழுக்கூலியும் கொடுத்தான்.

இதே "ஆர்கோஸ்" 1 தீமோத்தேயு 5:13இல் இளவயது விதவைகளைக் குறித்து வரும்போது "சோம்பலுள்ளவர்கள்" என ஆகிறது. சூழல் வேறு என்பது உண்மையே. வீடுவீடாய்த் திரிதலும் அலப்புதலும் அங்கே கூறப்படுகின்றன. மொழிபெயர்ப்பும் அதற்கேற்பவே அமைந்தது. ஆயினும், கணவனை இழந்து, வேலையும் இழந்து நின்ற பெண்களின் வேலையின்மையை நாம் குணக்குறையாகவும், ஆடவரின் வேலையின்மையைச் சூழ்நிலையாகவும் வாசிக்கப் பழகிவிட்டோமோ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

செல்வரின் செயலின்மைக்கு நம் திருமறைத் தமிழ் வேறு சொற்களை வழங்குகிறது. எசேக்கியேல் 16:49இல் சோதோமின் அக்கிரமங்களாகக் கர்வமும் உணவுப் பெருக்கமும் கூறப்பட்டு, கவலையற்ற சுகவாழ்வு "நிர்விசாரமான சாங்கோபாங்கம்" எனப்படுகிறது. ஏழையின் கையைப் பலப்படுத்தாமையும் அவ்வசனத்திலேயே சேர்த்துச் சொல்லப்பட்டுள்ளது. சாங்கோபாங்கம் இன்னதென்று நம் சபையார் பலர் அறியார். சோம்பேறி என்றால் சிறுவரும் அறிவர். இதனால், தீர்க்கதரிசி செல்வர்மீது எறிந்த கல் விளங்காத சொல்லுக்குள் மறைந்துகிடக்க, ஞானி நிலமுடையவன்மீது எறிந்த கல் நிலமில்லாதவர்மீது விழுந்துகொண்டிருக்கிறது.

5. பவுலின் கட்டளை

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "வேலை செய்யாதவன் உண்ணலாகாது என்று அப்போஸ்தலர் தெளிவாகக் கட்டளையிடவில்லையா?" என்பர். ஆம், ஆனால் கட்டளையை முழுமையாக வாசிக்கவேண்டும். 2 தெசலோனிக்கேயர் 3:10இல் பவுல் சொல்வது வேலை செய்யாதவனைக் குறித்தன்று. வேலைசெய்ய விருப்பமில்லாதவனைக் குறித்தே. கிரேக்கத்தில் "தெலெய்" என்னும் வினை அங்கே தெளிவாக நிற்கிறது. நம் மொழிபெயர்ப்பும் "மனதில்லாதிருந்தால்" என்று அதனைத் தவறாமல் காத்திருக்கிறது. பிரசங்கபீடத்தில்தான் மனது என்னும் சொல் உதிர்ந்துபோகிறது. உதிர்ந்த வடிவமே உலகிலும் பரவியது. 1936ஆம் ஆண்டுச் சோவியத்து அரசியலமைப்பின் 12ஆம் பிரிவில் இக்கொள்கை இடம்பெற்றபோது, வேலை செய்யாதவன் உண்ணான் என்றே அது அமைந்தது. வேதத்தை மறுத்த அரசும், வேதத்தைப் போதித்த நாமும் ஒரே சொல்லை விட்டுவிட்டோம் என்பது வியப்புக்குரியது.

மேலும், தெசலோனிக்கேயாவில் பவுல் கடிந்தவர்களைக் குறிக்கும் சொல் "அதாக்தோஸ்". அணிவகுப்பைக் குலைத்து நிற்கும் போர்வீரனை நினைவூட்டும் சொல். தமிழில் "ஒழுங்கற்று" என்பது மிகப் பொருத்தம். அவர்கள் வெறுமனே இருந்தவர்களுமல்லர். தம் வேலையை விட்டுப் பிறர் வேலையில் தலையிட்டவர்கள். "வீண் அலுவற்காரர்" என்னும் மொழிபெயர்ப்பு அதனை நயம்படக் காட்டுகிறது.

தாலந்துகளின் உவமையில் வரும் ஊழியக்காரன் "ஒக்னேரோஸ்" எனப்படுகிறான், தமிழில் "சோம்பன்" (மத். 25:26). நீதிமொழிகளின் "ஆட்சேல்" என்பதனைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மரும் இச்சொல்லையே ஆண்டனர். இதன் அடிப்பொருள் தயங்குதல், பின்வாங்குதல். அவ்வூழியக்காரனும் தான் பயந்ததாகவே சொல்லுகிறான். அவனும் வெறுங்கையனல்லன், தாலந்து பெற்றவன். பெற்றதை அச்சத்தால் புதைத்தலே அவன் சோம்பல்.

6. ஊழியரின் அசதி

சோம்பல் பாவமன்று என்று நிறுவுவது நம் நோக்கமன்று. அது பாவமே, ஆனால் நாம் தேடும் இடத்தில் மாத்திரம் அது இல்லை. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியு, ஆன்மாவைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களுள் "அக்கேதியா" என்பதனை மிகக் கொடியதாகக் கருதினார். அது நண்பகலில் வரும். துறவி கதிரவனை அடிக்கடி நோக்குவான். எவரேனும் தன்னைக் காணவருகின்றனரா என்று வாசலைப் பார்ப்பான். வேறிடம் சென்றால் நன்றாயிருக்கும் என்று எண்ணுவான். இவன் உறங்கவில்லை, ஓய்ந்திருக்கவுமில்லை. செய்யவேண்டிய ஒன்றைத் தவிர மற்றெல்லாம் செய்ய ஆயத்தமாயிருக்கிறான்.

ரோமர் 12:11இலும் எபிரெயர் 6:12இலும் நம் மொழிபெயர்ப்பாளர் "அசதி" என்னும் சொல்லை ஆண்டுள்ளனர். சபையாரை இகழாமல் எழுப்பவல்ல சொல் அது. குழுக்கூட்டங்களிலும் கட்டடத் திறப்புகளிலும் நாள் முழுவதும் ஓடிக்கொண்டு, நோயாளியின் படுக்கையண்டை அமர நேரமில்லாத ஆயரும் அசதியுடையவரே. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பையே மீண்டும் வாசிக்கும் ஆசிரியரும் அவ்வாறே. நம்மை எவரும் சோம்பேறி என்று அழைப்பதில்லை. நாம் ஓயாது அலைகிறோம் என்பதே காரணம்.

7. முடிவாக

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் சிற்றூர்களில் நூறு நாள் வேலை நடைபெற்ற காலங்களில், ஏரிக்கரையில் மண்சுமந்த பெண்கள் சற்றே மரநிழலில் அமர்ந்தாலும், வண்டியில் கடந்துசெல்வோர் சோம்பேறிகள் என்று நகைத்ததை நாம் கேட்டிருக்கிறோம். நகைத்தவருள் நம் சபையாரும் உண்டு. அவர்கள் அச்சொல்லை அவ்வாறு ஆள எங்கே கற்றனர் என்று வினவினால், நம் பிரசங்கபீடங்களும் விடைசொல்லக் கடமைப்பட்டவை.

ஊழியத்திற்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இச்சொல்லைப் பிரசங்கத்தில் எழுதுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். நாம் சுட்டுகிறவர்களுக்குச் சொந்த வயல் உண்டா? அவர்களை எவரேனும் வேலைக்கு அழைத்து, அவர்கள் மறுத்ததுண்டா? இதை நாம் சொல்லும்போது ஞானியின் இடத்தில் நிற்கிறோமா, பார்வோனின் இடத்தில் நிற்கிறோமா? இம்மூன்றுக்கும் விடைகண்டபின், சொல் தேவையாயின் தயங்காமல் சொல்லுங்கள். அப்பொழுது விரல் எத்திசையில் நீளும் என்பதை வசனமே காட்டும்.

அந்த மூதாட்டிக்கு நாம் இன்று சொல்லக்கூடிய விடை இதுவே: "அம்மா, அந்த வசனம் உங்களுக்காக எழுதப்பட்டதன்று. உங்களைக் குறித்த வசனம் மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது. அன்று நாம் அதை வாசித்திருக்கவேண்டும்."